வேண்டாம்னு சொல்ல எம்புட்டு விலை?

ராசாக்கமாருக்குப் பொண்ணு பாத்துக் குடுக்கிற தரகு வேலைக்கு மட்டும் எந்தக் காலத்திலயும் போயிராதே, பேராண்டி. நம்ம ஊர்ல ஜாதகக் கட்டோட அலையிற தரகருக்குக் கல்யாணம் கூடுனா ரெண்டு பக்கமும் கமிஷன் உண்டு, மேல ஒரு வேட்டி துண்டு. கூடலைன்னா பஸ் சார்ஜ் நட்டம், அம்புட்டுதான். இங்கிலாந்துல தாமஸ் கிராம்வெல்னு ஒரு மந்திரி இருந்தார். எட்டாம் ஹென்றி ராசாவுக்கு நாலாவது சம்பந்தம் முடிச்சுக் குடுத்தார். 1540 ஏப்ரல்ல அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைச்சது, ஜூலையில தலை போச்சு. எதிரிக வேற நிறையப் பேரு குழி பறிச்சாகன்னு வெச்சுக்கோ. ஆனா அந்தக் குழிக்கு மொத மண்வெட்டி போட்டது இந்தச் சம்பந்தம்தான்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு முழிக்காதே. ஊர் நூலகத்துல மத்தியானம் ஃபேன் காத்து சும்மா கிடைக்குது. தூங்கினா நூலகர் எழுப்பி விட்ருவார்னு ஒரு புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிடுவேன். அப்படியே உள்ள போனதுதான் அம்புட்டும்.

சங்கதியைக் கேளு. மூணாவது ராணி ஆம்பளப் பிள்ளையப் பெத்துக் குடுத்துட்டு 1537ல செத்துப் போயிட்டா. அப்போ பிரான்ஸ் ராசாவும் ஸ்பெயினையும் ஜெர்மனியையும் ஆண்ட சக்கரவர்த்தியும் கை கோத்துக்கிட்டாக. இங்கிலாந்து தனியா நின்னுச்சு. துணைக்கு ஆள் வேணும். ஜெர்மனிப் பக்கம் கிளீவ்ஸ்னு ஒரு சின்னச் சமஸ்தானம், அங்க கல்யாண வயசுல ரெண்டு பொண்ணு. ஹோல்பைன்ங்கிற படக்காரரை அனுப்பி ரெண்டு பேரையும் வரைஞ்சு வாங்கிட்டு வரச் சொன்னாக. ஆன்ங்கிற பொண்ணோட படம் ராசாவுக்குப் பிடிச்சுப் போச்சு. அந்தப் படம் இப்பவும் பாரிஸ்ல லூவ்ர் மியூசியத்துல இருக்கு. செல்போன்ல மூஞ்சிய வெள்ளையாக்கி அனுப்புறது இந்தக் காலத்துப் பிள்ளைக கண்டுபிடிச்ச வித்தைன்னு நெனைச்சியா?

1540 ஜனவரி ஒண்ணாந்தேதி. பொண்ணு கப்பலேறி வந்து ராச்செஸ்டர்ங்கிற ஊர்ல தங்கியிருக்கா. ஹென்றிக்கு 48 வயசு, நல்ல கனத்த சரீரம், கால்ல ஆறாத புண்ணு. அந்தக் கோலத்துல அவருக்கு ஒரு விளையாட்டுப் புத்தி. மாறுவேசம் போட்டுக்கிட்டு, நாலு ஆளுகளோட, சொல்லாம கொள்ளாம அவ இருந்த அறைக்குள்ள நுழையிறார். அவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா தெரியுமா? ஜன்னல் வழியா வெளியில மாட்டுச் சண்டை பாத்துக்கிட்டிருந்தா. மாட்டைக் கட்டி வெச்சு நாயை ஏவி விடுவாகளே, அது. இவர் போய்க் கட்டிப்பிடிக்கிறார். யாரோ அரண்மனை ஆளுன்னு நெனைச்சு, மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு, மறுபடியும் மாட்டைப் பாக்கத் திரும்பிட்டா.

முடிஞ்சுபோச்சு. 24 வயசுப் பொண்ணு, முன்னப் பின்ன தெரியாத கெழட்டு ஆளு, வெளிய மாட்டுச் சண்டை. எதைப் பாப்பா? அலங்காநல்லூர்ல வாடிவாசல் திறந்திருக்கையில எந்த மகாராசன் வந்தாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன். ஆனா ராசாவுக்கு மனசு ஒடிஞ்சு போச்சு. பொண்ணு பிடிக்கலைன்னு மந்திரிகிட்ட புலம்பிக்கிட்டே அஞ்சு நாள் கழிச்சு மோதிரம் மாத்துனார். வேண்டாம்னா ஜெர்மனிக்காரன் கோவிச்சுக்கிட்டு எதிராளியோட சேந்துருவான்னு பயம். ஊரையே நடுங்க வெச்ச மனுசன், நாலு பேரு என்ன சொல்லுவாகன்னு பயந்து மணவறையில நின்னிருக்கார் பாத்தியா! உங்க அப்பன் நின்ன மாதிரியேன்னு சொல்ல வந்தேன், வேண்டாம், உங்க ஆத்தா காதுல விழுந்துரும்.

ஜூலையில அந்தக் கல்யாணத்தைச் செல்லாதுன்னு ரத்து பண்ணுனாக. ஆன் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணலை. சரின்னு கையெழுத்துப் போட்டா. பதிலுக்கு அரண்மனை ஒண்ணு, கோட்டை ஒண்ணு, வருசா வருசம் வருமானம், போதாததுக்கு 'ராசாவோட அன்புத் தங்கச்சி'ன்னு பேரு. ஜூலை 28ஆம் தேதி மந்திரி தலை உருண்டுச்சு. அன்னைக்கே ராசாவுக்கு அஞ்சாவது கல்யாணம். அந்தப் பிள்ளை தலையும் 1542ல போயிருச்சு. ஆன் மட்டும் ராசா செத்துப் பத்து வருசம் கழிச்சு, அவரோட மத்த அஞ்சு ராணிமாருக்கும் பின்னால, 1557ல நிம்மதியாப் போய்ச் சேந்தா. ஆறு பேர்ல நல்லா வாழ்ந்தவ அவதான், அதுவும் தங்கச்சியா ஆன பின்னால!

நீ என்கிட்ட வந்து கல்யாணத்தை அஞ்சறைப்பெட்டி கணக்கா அறை பிரிச்சு வைக்கிறே. ஆபீஸ்ல பாத்த பிள்ளையக் கட்டினா அது காதல். மாமன் மகளைக் கட்டினா வசதி, ஏன்னா தோப்பும் கிணறும் வெளிய போகாது. ஆத்தா மருந்து சாப்பிடாம படுத்துக்கிட்டா அது கட்டாயம். ராசா, அந்தப் பெட்டியை ஒரு தடவை கீழ போட்டா தெரியும், எல்லாம் எப்படிக் கலந்து கெடக்குன்னு. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த வீட்ல வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா என்ன விலை? அந்த விலையை யார் தலையில கட்டுறாக?

நம்ம புறநானூத்துலயே இதுக்குன்னு ஒரு துறை இருக்கு, மகட்பாற்காஞ்சின்னு. 336ஆவது பாட்டுல இருந்து வரிசையாக் கெடக்கும், போய்ப் பாரு. பெரிய வேந்தன் வந்து சின்ன ஊர்த் தலைவன்கிட்ட பொண்ணு கேக்குறான். அப்பனும் அண்ணன்மாரும் குடுக்க மாட்டோம்னு வேலைத் தூக்குறாக. ஊருக்கு வெளிய யானை நிக்குது, குளத்தங்கரை மரமெல்லாம் முறியப் போகுது. புலவருக்கெல்லாம் ஒரே கவலை, இந்தப் பொண்ணோட அழகால ஊரே அழியப் போகுதேன்னு. பரணர் யாரை ஏசுறார் தெரியுமா? அழகா வளத்து விட்ட ஆத்தாக்காரியை! படையோட வந்தவன் மேல கோவம் இல்ல, பால் குடுத்து வளத்தவ மேல கோவம். இப்பவும் ஒரு பிள்ளை சொல்லாம கொள்ளாமப் போயிட்டா ஊர்க்காரன் மொதல்ல யாரைக் கேக்குறான்? 'பொம்பளப் பிள்ளைய வளத்த லச்சணமா இது'ன்னு ஆத்தாளைத்தானே? ரெண்டாயிரம் வருசமா அந்தக் கேள்வி மட்டும் விலாசம் மாறலை. அந்தப் பாட்டுகள்ல அந்தப் பொண்ணு வாயத் திறந்து, எனக்கு அவனைப் பிடிக்குது, பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை பேசுற இடம் என் கண்ணுல தட்டுப்படலை.

பாட்டாச்சேன்னு விட்ருவே. 1673க்கு வா. திருச்சியில இருந்து ஆண்ட மதுரை நாயக்கர் சொக்கநாதர், தஞ்சாவூர் விஜயராகவ நாயக்கர் மகளைக் கேட்டு ஆள் அனுப்புனார். தஞ்சாவூர்க்காரர் மாட்டேன்னுட்டார். ஏன்னு வழிவழியா ஒரு கதை உண்டு. அதுக்கு முந்தி திருமலை நாயக்கர் தஞ்சாவூர்ல பொண்ணு எடுத்தாராம். அந்தப் பொண்ணு மதுரை மகாலைப் பாத்துட்டு எங்கப்பன் அரண்மனைக்கு இது உறை போடக் காணாதுங்கிற தினுசுல ஏதோ இளக்காரமாச் சொன்னாளாம். அவர் கத்திய உருவிட்டாராம். உன் பாட்டி இன்னைக்கும் அவ பொறந்த ஊர்க் கிணத்துத் தண்ணிதான் இனிக்கும்பா. நான் என்னத்த உருவ? அருவாமணையே அவ கையிலதான் இருக்கு.

மாட்டேன்னதுக்குப் படை வந்துச்சு. விஜயராகவர் வயசான காலத்துல தோக்கப் போறோம்னு தெரிஞ்சு, அந்தப்புரத்தை வெடிமருந்து வெச்சுத் தகர்க்கச் சொல்லிட்டு, வாளை எடுத்துக்கிட்டுப் போய்ச் செத்தார். கேட்ட பொண்ணும் அதுல போயிருச்சு. அப்பன் மானத்துக்கு விலை அவ உயிரு. அவகிட்ட ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டிருப்பாகளா? சொக்கநாதருக்குப் பொண்ணு இல்ல, சரி, தஞ்சாவூராவது கிடைச்சதான்னா அதுவும் இல்ல. கூடவே பால் குடிச்சு வளந்த அழகிரியை அங்க ஆள வெச்சார். அவன் கொஞ்ச நாள்ல கப்பம் கட்ட மாட்டேன்னுட்டான். அந்தச் சண்டைக்குள்ள பீஜப்பூர்க்காரன் படையோட வந்த ஏகோஜி, ரெண்டு மூணு வருசத்துல தஞ்சாவூரைத் தானே எடுத்துக்கிட்டான். சிவாஜிக்குத் தம்பி முறை அவன். அப்புறம் 1855 வரைக்கும் அங்க மராட்டியர்தான். ஒரு பொண்ணு கேட்ட கதையில ஒரு ராச்சியம் கைமாறிப் போச்சு. இம்புட்டுக்கும் அந்தச் சொக்கநாதர் பொண்டாட்டி யாரு? நம்ம பக்கம் சாலையும் சத்திரமும் யார் பேர்ல இருக்கோ, அந்த மங்கம்மாதான். பேரன் பச்சப் பிள்ளையா இருக்கையில சீமையைக் கட்டி ஆண்ட பொம்பள. கையில வைரத்தை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் கண்ணாடிக் கல்லு தேடுறவனை என்ன சொல்ல?

மாமன் மகளைக் கட்டினா வெளங்குமான்னு கேட்டே. வெளங்கினதும் உண்டு. ராசராச சோழன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கட்டிக் குடுத்தாக. அவ மகனுக்குத் தாய்மாமன் ராசேந்திரன் மகள். அவுக மகனுக்கும் தாய்மாமன் மகள்தான், மதுராந்தகி. தாய்மாமன் வீட்டுலயே பொண்ணெடுத்துப் பொண்ணெடுத்து, 1070ல சோழ சிம்மாசனமே மருமகன் கைக்கு வந்துச்சு, குலோத்துங்கன்னு பேரோட. உங்க மாமன்கிட்ட இருக்கிறது ரெண்டு குறுக்கம் கரிசலும் ஒரு பழுதான மோட்டாரும். கணக்குப் பாத்துக்கோ.

வெளங்காததும் உண்டு. ஸ்பெயின்ல நாலாம் பிலிப்னு ஒரு ராசா. தங்கச்சி மகளைத் தன் மகனுக்குப் பேசி முடிச்சிருந்தார். முறைதான், நம்ம ஊர்லயும் அத்தை மகள் முறைதான். மகன் 1646ல செத்துப் போனான். பேசின பொண்ணை விட மனசில்லாம 1649ல இவரே கட்டிக்கிட்டார். இவருக்கு 44, அவளுக்கு 14. சிரிக்காதே, நம்ம பக்கமும் அக்கா மகளை மடியில தூக்கி வளத்துட்டு அவளையே கட்டினவுக எத்தனை பேரு! ஆனா அந்த வம்சத்துல தலைமுறை தலைமுறையா சொந்தத்துக்குள்ளயே சுத்திச் சுத்திக் கட்டினதுல, இவுகளுக்குப் பொறந்த ரெண்டாம் சார்லஸ் பேச்சும் நடையும் தாமதமாத்தான் வந்து, எப்பவும் சீக்காளியா, ரெண்டு கல்யாணம் பண்ணியும் பிள்ளை இல்லாம 1700ல செத்தார். அவர் ரத்தத்துல சொந்தம் எம்புட்டு நெருங்கிக் கெடந்துச்சுன்னு 2009ல விஞ்ஞானிக கணக்குப் போட்டாக. கூடப் பொறந்த அண்ணன் தங்கச்சிக்குப் பொறந்த பிள்ளை கணக்குக்குக் கொஞ்சம் மேலயே நின்னுச்சாம். வாரிசு யாருன்னு ஐரோப்பாவே 1714 வரைக்கும் வெட்டிக்கிட்டுச் செத்துச்சு. சொத்து வெளிய போகக்கூடாதுன்னு கட்டின கல்யாணம், சொத்தை ஏலத்துல விட்ருச்சு. இதை உங்க மாமன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே.

அப்போ காதல்தான் ஒசத்தின்னு துள்ளாதே. நம்ம முன்னோர் காதல்ல ஒரு தந்திரம் வெச்சிருந்தாக, மடலேறுறது. பொண்ணு குடுக்கலைன்னா பனங்கருக்குல குதிரை செஞ்சு, எருக்கம்பூ மாலை போட்டு, சாம்பலைப் பூசிக்கிட்டு, அவ படத்தைக் கையில வெச்சுக்கிட்டு நடுத்தெருவுல இழுத்துக்கிட்டுப் போறது. கருக்குக் கிழிச்சு ரத்தம் வடியும். ஊரு பாக்கும். பொண்ணு வீட்டுக்கு மானம் போகும், வேற வழியில்லாமக் குடுப்பாக. பொம்பள மடலேறுறது வழக்கம் இல்லைன்னு இலக்கணமே சொல்லிருச்சு. இது காதலா, கட்டாயமா? பாட்டுல படிக்கையில கண்ணீர் வருது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒருத்தன் பிளேடால கையக் கிழிச்சு அந்தப் படத்தை போன்ல அனுப்புனான்னு கேட்டா நமக்கு என்ன வருது? போலீஸ் ஸ்டேஷன் நம்பர்தான் ஞாபகத்துக்கு வருது.

இங்கிலாந்து எட்டாம் எட்வர்டு கதை உனக்கே தெரியும். 1936 ஜனவரியில ராசா, டிசம்பர்ல ராசினாமா. அமெரிக்கக்காரி வாலிஸ் சிம்சனைத்தான் கட்டுவேன்னு நின்னார். ஒரு புருசனைத் தீத்துட்டு ரெண்டாவதையும் தீத்துக்கிட்டிருந்த பொம்பளைய ராணியா ஏத்துக்க முடியாதுன்னு மந்திரிமார் நின்னாக. காதலுக்காகச் சிம்மாசனத்தையே உதறினவர்னு உலகமே கொண்டாடுச்சு. சரி, உதறின சிம்மாசனம் காத்துலயா நிக்கும்? திக்குவாய்த் தம்பி தலையில இறங்குச்சு. அவருக்குப் பின்னால அவர் மகள் எலிசபெத், 1952ல இருந்து 2022 வரைக்கும். பெரியப்பன் காதலிச்சதுக்கு அந்தப் பொம்பள எழுபது வருசம் வேலை பாத்திருக்கா! காதலிச்சவரோ 1972ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் பிரான்ஸ்ல விருந்துக்கும் கோல்ஃபுக்கும் போய்க்கிட்டிருந்தார். வேலைய விட்டுட்டுக் காதலிக்கிற உத்தேசம் இருந்தா இப்பவே சொல்லிரு, பேராண்டி. உனக்குத் தம்பி இல்ல.

ராசாக்க கதையச் சொல்லிச் சிரிக்கலாம். நம்ம சனங்க கதையில சிரிப்பு தொண்டையில நிக்குது. சாதி மாறிக் கட்டினதுக்குப் பெத்த பிள்ளையவே வெட்டினவன் இதே சீமையில இருக்கான். அவன் என்ன சோழச் சக்கரவர்த்தியா? வெட்டினவன் ரேஷன் கார்டைப் பாத்தா அரிசிக் கார்டாத்தான் இருக்கும். ராச்சியம் இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே ராச்சியம் வீட்டுப் பொம்பளப் பிள்ளைன்னு ஆகிப்போச்சு. வயசு வந்த ரெண்டு பேரு சம்மதிச்சா குடும்பம், சாதி, ஊரு எவன் சம்மதமும் வேண்டியதில்லைன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. கோர்ட்டு டெல்லியில இருக்கு, அருவா ஊர்ல இருக்கு. உன் ஆபீஸ் பிள்ளை என்ன ஆளுகன்னு நான் கேக்கலை. உங்க மாமன் கேப்பான். அவன் கேக்குறப்போ நான் பக்கத்துல இருப்பேன்.

அந்தக் காலத்துல மாப்ள வீட்டார் பொண்ணு வீட்டுக்குப் பரிசம் போடணும். என் ஆத்தாவுக்குப் பரிசம் குடுத்துத்தான் கூட்டிட்டு வந்தாக. பையன்மாரு நாலு எழுத்துப் படிச்சு உத்தியோகத்துக்குப் போகவும் தட்டு அப்படியே திரும்பிருச்சு. 1961லயே வரதட்சணை கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. அதனால இப்போ யாரும் கேக்குறதில்ல. 'உங்க பிள்ளைக்கு நீங்க செய்யப் போறீக, நாங்க என்னத்தச் சொல்ல'ம்பாக, சொல்லிட்டு அப்படியே உக்காந்திருப்பாக. உங்க பெரியம்மா மகளைப் பொண்ணு பாக்க வந்தப்போ நானும் சபையில இருந்தேன். மாப்ளையோட சித்தப்பன் வாழைக்காய்ப் பஜ்ஜிய ரெண்டாப் பிச்சு, எண்ணெயை பேப்பர்ல ஒத்தி எடுத்துக்கிட்டே, 'எங்க மூத்த மருமக எம்பது பவுனோட வந்தா, நாங்க வாயே திறக்கலை'ன்னான். திறக்காத வாய்க்கு எம்பது பவுனு! அந்தப் பிள்ளை காப்பித் தட்டோட வந்து குனிஞ்சு நின்னுச்சு. பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா, வேலைய விட்ருவியா, எல்லாம் கேட்டாக. உனக்கு இவனைப் பிடிச்சிருக்கான்னு கேக்க ஒருத்தனுக்கும் தோணலை. தோணியிருந்தாலும் அம்புட்டு சனத்துக்கு நடுவுல அது என்னத்தச் சொல்லும்?

நீ வேண்டாம்னு சொன்னா உனக்கு என்ன நட்டம்? யோசிச்சுப் பாரு. உங்க ஆத்தா ரெண்டு நாள் பேச மாட்டா, மூணாம் நாள் சாப்பிட்டியான்னு கேப்பா. உங்க மாமன் தீவாளிக்கு வர மாட்டான், பொங்கலுக்கு வந்துருவான். உன் மாமன் மக வேண்டாம்னு சொன்னா? படிப்பை நிறுத்துவாக, போனைப் புடுங்குவாக, எவனையோ நெனைச்சுக்கிட்டிருக்கான்னு ஊரு பேசும். ஒரே வீட்டு ரத்தம், ஒரே வார்த்தை, உனக்கு ஒரு விலை, அவளுக்கு ஒரு விலை. அதனால போன வாரம் அவ டவுனுக்குப் போகையில பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்கார வெச்சு நானே கேட்டேன். அவளும் என் பேத்திதானே. உன்னையக் கட்டிக்கிறியான்னு கேட்டதும் வடையக் கீழ வெச்சுட்டா. 'தாத்தா, அவனா? ஒரு தடவை வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கலை. நான் வேண்டாம்னு சொன்னா அப்பா விட மாட்டாரு. அவனா வேண்டாம்னு சொல்ற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க தாத்தா'ன்னா. மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நீதானே அவளை வேண்டாம்னே? வேண்டாம்னு நீ சொன்னா பெருந்தன்மை, அவ சொன்னா வலிக்குதாக்கும். போய் உங்க ஆத்தாகிட்ட வேண்டாம்னு ஒரே பிடியா நில்லு. உனக்காக இல்லைன்னா அவளுக்காகச் சொல்லு.

அப்புறம் உன் சங்கதி. ரெண்டு பேரும் இந்துன்னா வழி லேசு. அண்ணா ஆட்சிக்கு வந்ததும் 1967ல 7ஏன்னு ஒரு பிரிவைச் சேத்து சுயமரியாதைக் கல்யாணத்தைச் சட்டமாக்கி வெச்சிருக்கார். அய்யர் வேண்டாம், முகூர்த்தம் வேண்டாம். சொந்தக்காரவுக, சிநேகிதருக முன்னால மாலையோ மோதிரமோ மாத்திக்கிட்டா போதும், தாலி கட்டினாலும் சரி. ஆனா 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பதிஞ்சிரணும், சோம்பேறித்தனம் கூடாது. மதம் வேற வேறன்னா 1954 தனித் திருமணச் சட்டம். அதுல 30 நாள் முந்தியே நோட்டீஸ் குடுக்கணும், அதை ஆபீஸ்ல எல்லாரும் பாக்கிற இடத்துல ஒட்டுவாக. நம்ம ஊர்ல பேப்பர்கூடப் படிக்காதவன் அந்த நோட்டீசை மட்டும் படிச்சுட்டு வந்து உங்க மாமன்கிட்ட ஒப்பிப்பான். அதுக்குச் சாட்சி மூணு பேரு வேணும். ஒரு கையெழுத்து என்னோடது. உன் பாட்டியும் போடுவா. கைநாட்டுன்னு எகத்தாளம் பண்ணாதே, கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டா, பேங்குல நான் போட்ட பணத்தை எடுக்கிறதுக்கு.

அதுக்கு முன்னால அந்தப் பிள்ளைய ஒரு நாள் இங்க கூட்டிட்டு வா. திண்ணையில உக்கார வெச்சு நான் அவகிட்ட ஒண்ணு கேக்கணும். நீ பக்கத்துல நிக்கக்கூடாது. கொல்லைக்குப் போய் ஆட்டுக்கு அகத்திக் குழை ஒடிச்சுப் போடு. நான் கூப்பிடுற வரைக்கும் வராதே.